வயல் நீரும் எலிக்காய்ச்சலும்

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் பலவுள. அவற்றுள் விசர்நாய்க்கடியைப்பற்றி அறியாத கமக்காரர் இலர். நாய் கடித்தால் பற்குறி தெரியும், இரத்தம் வடியும், வீட்டார் அஞ்சிக் கடிபட்டவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வர். ஆனால் கடியுமின்றிக் காயமும் பெரிதாகத் தோன்றாமல், நோயைக் கொணர்ந்த விலங்கு எதுவென்று தெரியாமலே வந்து பற்றுகின்ற நோயொன்று உண்டு. வரம்பு கட்டும்போதும், பலகை அடிக்கும்போதும், நாற்று நடும்போதும், களை பிடுங்கும்போதும் அது காலின் வழியே உடலிற் புகுகின்றது. அதுவே எலிக்காய்ச்சல். வைத்தியர் அதனை லெப்டோஸ்பைரோசிஸ் என்பர்.

இந்நோயால் உலகில் ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்படுகின்றனர் என்றும், அவருள் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர் என்றும் 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டில் இது பெருந்தொற்றாகப் பரவியது. அவ்வோராண்டில் மட்டும் 7,000 க்கு மேற்பட்டோர் நோயுற்றனரென அறிவிக்கப்பட்டது. 200 க்கு மேற்பட்டோர் இறந்தனர். மாத்தளை, கேகாலை முதலிய மாவட்டங்கள் அப்பொழுது மிகவும் துன்புற்றன. வயல் வேலையோடு மாணிக்கக் குழி வேலையும் நடைபெறும் இரத்தினபுரியில் இந்நோய் ஆண்டுதோறும் காணப்படுகின்றது.

இது ஈரவலயத்து நோய், நெல் அதிகம் விளையாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வாராது என்று எண்ணியோரும் உளர். 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிற் பெய்த பெருமழையால் வயலும் தோட்டமும் வெள்ளத்தில் மூழ்கின. அடுத்த மாதம் யாழ்ப்பாண மாவட்டத்திற் பலர் கடுங்காய்ச்சலுற்றனர், சிலர் இறந்தனர். முதலில் இன்னதென்று அறியப்படாதிருந்த அக்காய்ச்சல், பரிசோதனையின் பின்னர் எலிக்காய்ச்சலென்று தெளிவாயிற்று. நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பொதுவான அபாயமென்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

கிருமியும் அதன் இருப்பிடமும்

1886 ஆம் ஆண்டில் ஜேர்மனி நாட்டு வைத்தியராகிய அடொல்ப் வைல் என்பவர், காய்ச்சலும் செங்கண்மாரியும் சிறுநீரகக் கேடும் ஒருங்கே தோன்றும் நோயொன்றை விவரித்தார். அதன் காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1915 இல் யப்பானின் கியூசூத் தீவில் இனாடா, இடோ என்னும் வைத்தியர்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பீடித்த காய்ச்சலை ஆராய்ந்து, சுருள்வடிவமான கிருமியொன்றே அதற்குக் காரணமெனக் கண்டனர். அக்கிருமியை எலியே சுமந்து திரிகின்றதென்பது 1917 இல் வெளியிடப்பட்டது. சுரங்கத்துத் தொழிலாளியையும் வயலின் உழவனையும் ஒரே நோய் பீடிப்பதேன் என்று வியத்தல் வேண்டா. இருவரும் எலி வாழும் இடத்தில், தேங்கிய நீரில், வெறுங்காலுடன் நிற்பவர்களே.

இக்கிருமி எலியின் சிறுநீரகத்திற் குடியிருக்கின்றது. எலிக்கு அதனாற் கேடு யாதும் இல்லை. அது நன்றாகத் தின்று, குட்டியீன்று, வாழ்நாள் முழுவதும் சிறுநீரோடு கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நோயுற்றுத் தள்ளாடும் எலியைக் கண்டாலன்றிப் பயமில்லை என்று எண்ணுவது தவறு. கொழுத்த எலியே கிருமியையும் கொழுக்கச் சுமப்பது.

சிறுநீர் விழுந்த நிலம் காய்ந்துவிட்டால் கிருமி விரைவில் மடியும். கடும் வெயிலும் உப்பு நீரும் புளிப்பு மிகுந்த மண்ணும் அதற்கு ஒவ்வா. மாறாக, வெதுவெதுப்பான நன்னீரிலும் ஈரமான சேற்றிலும் அது பல வாரங்கள் உயிரோடிருக்கும். நீர் கட்டிய வயல் அதற்கு ஏற்ற இடமாக அமைந்துவிடுகின்றது. நெல்லுக்கு வேண்டிய நீரும் சூடும் சேறும் அதற்கும் வேண்டியனவே. ஆகையால் மழைக்காலத்திலும், கமவேலை நெருக்கமாக நடைபெறும் மாதங்களிலும் இந்நோய் மிகுதல் இயல்பு.

தோல் கிழியாது முழுமையாக இருக்குமாயின் கிருமி எளிதிற் புகமாட்டாது. ஆனால் கமக்காரரின் கால் அவ்வாறு இருப்பதெங்ஙனம்? நெற்றாளின் ஓரம் கீறிய கோடு, அட்டை கடித்த இடம், மண்வெட்டி உராய்ந்த தழும்பு, விரலிடுக்கிற் சேற்றுப்புண், குதிக்கால் வெடிப்பு ஆகிய இவையெல்லாம் கிருமிக்குத் திறந்த கதவுகள். காயமேயில்லாத காலும் நெடுநேரம் நீரில் நின்று தோல் ஊறி வெளுத்தபின் எதிர்ப்பிழந்துவிடும். சேற்று நீர் கண்ணிலோ மூக்கிலோ வாயிலோ தெறித்தாலும் தொற்று உண்டாகலாம். தோட்டத்தில் வாய்க்காலை மாற்றிக் கட்டி நீர் பாய்ச்சுபவரும், பிடுங்கிய மரக்கறியைக் குட்டையிற் கழுவுபவரும் இவ்வகையில் வயலில் நிற்பவரினின்றும் வேறானவரல்லர்.

எலியின் பெயர் நோய்க்கு வந்துவிட்டமையால் ஒரு மயக்கமும் உண்டாயிற்று. மாடு, எருமை, பன்றி, ஆடு, நாய் ஆகியனவும் இக்கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஒரு பசுவின் சிறுநீர் எலியின் சிறுநீரைப் பார்க்கிலும் அளவில் எத்தனை மடங்கு என்பதைச் சிந்தித்தல் வேண்டும். அறுவடைக்குப்பின் மாடுகள் மேய்ந்த வயலில் மழைநீர் தேங்கியவுடன் இறங்குபவர், எலி வளையொன்றுகூட இல்லையென்று அமைதியுறலாகாது.

காய்ச்சல் கண்டபின்

இந்நோய் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் காலதாமதத்தினாலேயே. ஆகையால் அது வழக்கமாக எவ்வாறு தோன்றி எவ்வாறு முற்றுகின்றதென்பதைக் கமக்குடும்பத்தில் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கிருமி புகுந்த அன்றே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் செல்லும். சிலருக்கு ஒரு மாதம் வரையுங்கூடச் செல்லலாம். அதற்குள் உழவு முடிந்து, விதைப்பும் முடிந்து, கமக்காரர் வேறு வேலைக்குச் சென்றிருப்பார். ஒருநாள் திடீரெனக் குளிருடன் காய்ச்சல் காய்கின்றது. தலை இடிக்கின்றது. உடலெங்கும் நோ, கெண்டைக்காற் சதையைத் தொட்டாலே பொறுக்க முடியாத வலி, இடுப்பும் அவ்வாறே. கண்கள் சிவக்கின்றன, ஆனால் பீளை தள்ளுவதில்லை. சிலருக்கு வாந்தியும் உண்டு. “வெயிலில் நின்ற சூடு,” என்று ஒருவர் சொல்வார். “உழைப்பலுப்பு, மல்லித் தண்ணீர் குடித்துப் படுத்தாற் போய்விடும்,” என்று மற்றவர் சொல்வார். பெட்டிக்கடையிற் குளிசை வாங்கி விழுங்குகின்றார். நாலைந்து நாளிற் காய்ச்சல் சற்றுத் தணிவதும் உண்டு. வீட்டார் மகிழ்கின்றனர், அவரும் எழுந்து வயலைப் பார்க்கப் புறப்படுகின்றார்.

சிலரில் நோய் இவ்வளவோடு நீங்கிவிடும் என்பது உண்மையே. வேறு சிலரிலோ, இத்தணிவின்பின் கண் மஞ்சளாகின்றது, சிறுநீர் குறைந்து கறுக்கின்றது, இருமலில் இரத்தம் வருகின்றது, மூச்சு முட்டுகின்றது. ஈரலும் சிறுநீரகமும் நெஞ்சறையும் தாக்கப்பட்டுவிட்டன என்பதற்கு இவை அறிகுறிகள். நுரையீரலில் இரத்தம் கசியும் நிலையை அடைந்தவரை மீட்பது பெரிய வைத்தியசாலைகளுக்கும் அரிதாகும். தணிவு யாதுமின்றி ஒரே போக்கில் முற்றுவதும் உண்டு.

நோய் தொடங்கிய முதல் நாட்களிற் கொடுக்கப்படும் மருந்து நன்கு பயன்தரும். பெனிசிலின், டொக்சிசைக்கிளின் போன்ற, எங்கும் கிடைக்கும் பழைய மருந்துகளே இதற்குப் போதுமானவை. அரிய மருந்தைத் தேடிக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குக் காலத்திற் செல்லவேண்டியதே தேவை. நீரில் வேலைசெய்த எவருக்கேனும் அடுத்த ஒரு மாதத்துள் காய்ச்சல் கண்டால், முதல் நாளிலேயே அல்லது இரண்டாம் நாளிலேயே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். செங்கண்மாரி தோன்றட்டும் என்று காத்திருத்தல் கூடாது. செங்கண்மாரிக்கு ஊரில் மூலிகைச் சாறு கொடுக்கும் வழக்கம் உண்டு; இந்நோயில் அவ்வாறு கழியும் இரண்டு மூன்று நாட்களே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும்.

இன்னுமொன்று இங்கே கூறப்படல் வேண்டும். வைத்தியசாலைக்குச் செல்லும் கமக்காரர் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, காலிற் சேற்றின் சுவடுமின்றிச் செல்கின்றார். “என்ன வருத்தம்?” என்று கேட்டால், “காய்ச்சல், ஐயா,” என்று மட்டும் சொல்லி நிறுத்துகின்றார். காய்ச்சலுக்கு ஆயிரம் காரணமுண்டு. மழைக்காலத்தில் டெங்கும் உண்டு. எலிக்காய்ச்சலை அறியும் இரத்தப் பரிசோதனை முதல் வாரத்திற் பல வேளைகளில் நோயைக் காட்டாது. ஆதலால் வைத்தியர் நோயாளியின் சொல்லையும் அறிகுறியையும் கொண்டே மருந்தைத் தொடங்கவேண்டியவராகின்றார். “பத்து நாளைக்கு முன் சேற்றில் நின்று வரம்பு கட்டினேன்,” என்னும் ஒரு சொல் அவருக்குப் பெருந்துணையாகும். அவர் கேளாவிடினும் சொல்லுதல் வேண்டும். நோயாளி பேச இயலாதிருப்பின் உடன்செல்லும் மனைவியோ மகனோ இதனை மறவாமற் சொல்லுதல் கடமை. கூலிக்கு வேறு ஊருக்குச் சென்று நாற்று நட்டவரும், ஒருநாள் மட்டும் அயலவருக்கு உதவியாக இறங்கியவரும் சொல்லுதல் வேண்டும். வயல் சொந்தமில்லை என்பதனாற் சிலர் இதனைச் சொல்லாது விடுகின்றனர்.

வைத்தியரைக் காணும்வரை பரசிற்றமோலைத் தவிர வேறு நோக்குளிசைகளை விழுங்குதல் தீது. அஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். வேறு சில வலிக்குளிசைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். டெங்குக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நோயாளி ஒருநாளிற் கழிக்கும் சிறுநீர் குறைகின்றதா என்பதையும் வீட்டார் கவனித்து வைத்தியருக்குக் கூறல்வேண்டும்.

வருமுன் காத்தல்

முழங்கால்வரை உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்து அணிந்து வயலில் இறங்குக என்று துண்டுப்பிரசுரங்கள் கூறுவது வழக்கம். உலர்ந்த வரம்பிலும், மரக்கறித் தோட்டத்திலும், மாட்டுத் தொழுவத்திலும் இஃது இயலும். அங்கே அணியாதிருப்பதற்கு நியாயமில்லை. ஆயின் பலகை அடித்த சேற்றிற் சப்பாத்துடன் நடந்து பார்த்தவர்க்கு அதன் தொல்லை தெரியும். கால் வரும், சப்பாத்து வாராது. உள்ளே நீர் புகுந்தாலோ வெறுங்காலைவிடக் கேடாகும். செய்ய இயலாத புத்திமதியைச் சொல்லி, அதனைச் செய்யவில்லையென்று கமக்காரரைக் குறைகூறுவதிற் பயனில்லை. சேற்றில் இறங்குமுன் காலிலுள்ள கீறல்களையும் புண்களையும் நீர் புகாத பிளாஸ்டரால் மூடிக்கொள்ளலாம். பெரிய புண்ணுள்ளவர் அது ஆறும்வரை வரம்பு வேலை, விதை தூவுதல், இயந்திரம் ஓட்டுதல் போன்றவற்றைச் செய்து, சேற்று வேலையைப் பிறரிடம் விடுதல் நன்று. வேலை முடிந்ததும் வாய்க்காலிற் காலைக் கழுவிவிட்டுச் செல்லாது, கிணற்று நீரிலே சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்து உலர்த்துதல் வேண்டும். வாய்க்காலும் வயலின் ஒரு பகுதியே. அதன் நீரைக் கையால் அள்ளி முகம் கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் நெடுநாளைய பழக்கமாயினும் கைவிடத் தக்கவை. சோற்றுப்பொதியை வரம்பில் வையாது, மூடியுள்ள பாத்திரத்தில் மரக்கிளையில் தூக்கி வைப்பது எளிது. காலில் எண்ணெய் பூசினாற் போதுமென்று நம்பி இருந்துவிடலாகாது.

மனிதருக்கு இந்நோய்க்கான தடுப்பூசி இலங்கையில் வழக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாகத் தடுப்புக் குளிசை உண்டு. 1982 இல் பனாமாவின் காடுகளிற் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் போர்வீரருட் பாதிப்பேருக்கு டொக்சிசைக்கிளினும், பாதிப்பேருக்கு மருந்தற்ற குளிசையும் வாரத்துக்கொருமுறை கொடுக்கப்பட்டன. மருந்தற்ற குளிசை உண்டவருள் 20 பேர் நோயுற்றனர். மருந்து உண்டவருள் ஒருவரே நோயுற்றார். வயலில் இறங்கும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, உட்கொள்வது முறை. இதனைச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமோ பெறலாம். அவர்தம் ஆலோசனையின்றிக் கடையில் வாங்கி உண்ணுதல் கூடாது. கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், சிறுபிள்ளைகளுக்கும் இம்மருந்து உகந்ததன்று. வெறுவயிற்றில் விழுங்காமல், உணவின்பின் நிறைந்த நீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருத்தல் வேண்டும். அன்றேல் நெஞ்செரிவு உண்டாகும். குளிசை உண்டவர்க்கும் நோய் வரக்கூடும். ஆதலாற் குளிசை உண்டேன் என்பதைக்கொண்டு காய்ச்சலை அலட்சியம் செய்தல் ஆகாது.

எலியை ஒழித்தல்

இவ்விடத்திற் சுகாதாரமும் வேளாண்மையும் ஒன்றுசேர்கின்றன. எலி நெல்லையும் தின்கின்றது, கமக்காரரையும் நோய்க்குள்ளாக்குகின்றது.

கதிர் பருவத்திலேயே எலியின் அழிவு கண்ணுக்குத் தெரிகின்றது. அப்போதுதான் பெரும்பாலோர் பொறியையும் நஞ்சையும் தேடுகின்றனர். ஆனால் பயிர் குடலையாகிக் கதிர் தள்ளத் தொடங்கியதும் எலி இனப்பெருக்கத்தைத் தொடங்கிவிடும். மூன்று வாரத்தில் ஈன்று மீண்டும் சினைப்படும். அப்பொழுது பத்தைக் கொன்றால் இருபது பிறந்திருக்கும். விதைப்புக்கு முன்னும் விதைத்த முதற்சில வாரங்களிலும், எலிகள் எண்ணிக்கையிற் குறைந்து இரைக்கு அலையும் காலத்திற் கொல்லுவதே பயனுடையது. அதுவும் ஒருவர் தனியே செய்தாற் போதாது; அயல்வயலிலிருந்து மறுவாரமே வந்து குடியேறும். ஒரு வெளியிலுள்ளார் யாவரும் கமக்காரர் அமைப்பின் மூலம் ஒரே கிழமையில் வேட்டையைத் தொடங்குதலும், ஒரே காலத்தில் விதைத்தலும் வேண்டும். விதைப்பு முன்பின்னாக நீண்டால், கதிருள்ள வயல் எப்பொழுதும் எங்கோ ஓரிடத்தில் இருக்கும்; எலிக்குப் பஞ்சமே இராது.

வரம்பின் அகலத்தையும் கவனித்தல் வேண்டும். அகன்ற உயர்ந்த வரம்பில் எலி வளை தோண்டும். ஓரடிக்கு மேற்படாத வரம்பு அதன் குடியிருப்புக்கு ஏற்றதன்று. வரம்பிலும் வாய்க்காலோரத்திலும் உள்ள புற்பற்றைகளைச் செதுக்கிவிடல் வேண்டும். தோட்டத்து மூலையிற் குவித்த அழுகல் மரக்கறியும், வீட்டோரத்துத் தேங்காய்மட்டைக் குவியலும் வைக்கோற்போரும் எலிக்கு மாரிகால வீடுகளாகும். கூகையும் சாரைப்பாம்பும் எலியைத் தின்று வாழ்பவை. சாரையைக் கண்டவுடன் அடிப்போர் தம் வயலுக்கே தீங்கு செய்கின்றனர்.

அகிளான் தன் வளையிற் சேர்த்துவைக்கும் கதிரைத் தோண்டி எடுக்கும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. அவ்வளையுள் வெறுங்கையை விடுதல் நோயைக் கையால் தொட்டெடுப்பதற்கு ஒப்பாகும். செத்த எலியையும் கையால் தொடாது, மண்வெட்டியால் எடுத்து ஆழப் புதைத்தல் வேண்டும். எலிக்கென்று வயலைச் சுற்றி மின்கம்பி இழுப்போரும் உளர். இது சட்டத்துக்கு மாறானது. இரவில் நீர் கட்டச் சென்ற மனிதரே அதிற் சிக்கி இறந்துள்ளனர்.

மாடு வளர்ப்போர் தொழுவத்தின் கழிநீரை வயலுக்கோ கிணற்றடிக்கோ ஓடவிடாது, தனிக்குழியில் தேங்கச் செய்தல் வேண்டும். பசுவொன்று காரணமின்றிக் கன்று வீசினாலோ, பால் திடீரெனக் குறைந்து இரத்தங்கலந்து வந்தாலோ மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். எலிக்காய்ச்சற் கிருமியும் அதற்குக் காரணமாயிருக்கலாம். மனிதருக்குத் தொற்றும் வேறு நோயும் காரணமாயிருக்கலாம். விழுந்த கன்றையும் நச்சுக்கொடியையும் கையுறையின்றித் தொடாமலும், நாய்க்கு எறியாமலும் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். அந்தப் பசுவின் பாலைக் காய்ச்சாமல் எவருக்கும் கொடுத்தலாகாது.

பெரும்போக விதைப்புக்கான கூட்டங்கள் நடைபெறும்போது, நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானிப்பதோடு, எலி வேட்டைக்குரிய நாளையும் தடுப்புக் குளிசை வழங்கும் நாளையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அக்கூட்டத்துக்கு முற்கூட்டியே அழைத்தல் நன்று. குளிசைக்குரிய பெயர்ப் பட்டியலில், வெளியூரிலிருந்து நாற்று நடவும் களை பிடுங்கவும் வரும் கூலியாட்களின் பெயர்களும் சேர்க்கப்படல் வேண்டும்.